நாற்பத்தாறு நொடி ஏற்றம்

அத்தியாயம் 14

எட்டு நொடி. இந்த வாரம் முழுக்க அதை வெட்டி எடுக்கப் பார்த்தாள் பெரியவள். முடியவில்லை.

பூங்காவின் புது ரோலர் கோஸ்டருக்கு எந்த இசைக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது என்கிற வேலை, ஒலிப் பிரிவில் இருக்கும் அவள் மேசைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தேர்வாகிறவர்களின் இசைதான் ஒவ்வொரு இருக்கையிலும் ஒலிக்கும். அவர்கள் முகம்தான் வாசல் வளைவிலிருந்து வண்டியின் மூக்கு வரை வரையப்படும். திறப்பு நாளன்று அவர்களே வந்து வண்டி புறப்படும் மேடையில் நின்று வாசிப்பார்கள்.

கடைசிச் சுற்றில் மூன்று குழுக்கள் மிஞ்சின. வண்டி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏற முப்பத்தெட்டு நொடி ஆகும், அதற்குத் தோதாக இசை இருக்க வேண்டும் என்று மூவருக்கும் எழுதியிருந்தார்கள். இரண்டு குழுக்கள் சொன்னபடி செய்தன. மூன்றாவது உறையில் வந்த இசை நாற்பத்தாறு நொடிக்கு ஏறியது.

அனுப்பியவர்கள் தகரக்காரர்கள். பீப்பாய், இரும்புக் குழாய், பாத்திர மூடி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பேர் வாங்கிய நால்வர். அவர்களில் மூத்தவர் பெரியவளின் தாய்மாமன். பன்னிரண்டு வருடமாக அவள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத உறவு.

எட்டு நொடியை வெட்ட முடியாமல் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஈரத் துணியும் கையுமாக அம்மா கதவருகே வந்து நின்றாள். கடைசி வரை கேட்டாள். "அது எத்தனை நொடி?" என்றாள். "நாற்பத்தாறு. மூன்றாம் எண்" என்றாள் மகள். அம்மா போய்க் கூடத்து விளக்கை அணைத்தாள்.

அது புதன்கிழமை. இன்று சனி. இன்றுதான் தேர்வு.

*

காலையில் முதல் தகராறு பூட்டோடு.

போன மாதம் அப்பா வெளிக்கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டியிருந்தார். அது ஒருநாள் வலப்பக்கம் திறந்தது, ஒருநாள் இடப்பக்கம் திறந்தது. பூங்காவில் நூற்றுச்சொச்சம் பூட்டுகளை ஆளும் அம்மா, சொந்த வீட்டு வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பழசுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள்.

"அதுக்கு மூணு சாவி. ரெண்டுதான் வீட்ல இருக்கு. மூணாவது எங்க இருக்குன்னு தெரியாம எத்தனை வருஷம் தூங்குறது?" என்றார் அப்பா.

மூன்றாவது யாரிடம் இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும்.  பழைய பூட்டு செய்தித்தாளில் சுற்றி, செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. பக்கத்தில் உடைந்த மின்விசிறி இறக்கை ஒன்று, கைப்பிடி போன வாணலி ஒன்று. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிற நாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்கு வாரத்தில் ஒரே பண்டிகை அதுதான். இரும்பு போதாத வாரங்களில் நல்ல கரண்டியையே ஒரு தினுசாகப் பார்ப்பார்.

*

அம்மாவைப் பூங்காவில் எல்லோரும் சாவி அக்கா என்பார்கள். ரோலர் கோஸ்டரின் பராமரிப்பு அவள் பொறுப்பு. காலையில் அவள் தண்டவாளம் முழுக்க நடந்து பார்த்து, இடுப்பு வளையத்திலிருந்து சாவியை எடுத்துத் திருப்பினால்தான் வண்டிக்கு மின்சாரம் வரும். அந்த வளையத்தில் துருப்பிடித்த சிறு சாவி ஒன்றும் உண்டு. அது எந்தப் பூட்டுக்கும் சேராது. அது திறந்த அலமாரி, பழைய ரோலர் கோஸ்டரோடு சேர்த்து இரண்டு வருடம் முன்பு இடிக்கப்பட்டுவிட்டது. அவளுடைய தம்பியின், அந்தத் தகரக்காரரின் அலமாரி.

பழைய வண்டியை அக்காவும் தம்பியும்தான் ஓட்டினார்கள். அவள் கீழே மோட்டார் அறையில், அவன் மேலே பொத்தான் மேசையில். வண்டி சங்கிலியில் ஏறும்போது பின்னால் உருளாமல் பிடிக்க ஒரு கொக்கி உண்டு. அது பல்லுக்குப் பல் விழும் சத்தம் டக் டக் என்று பூங்கா முழுக்கக் கேட்கும். உச்சிக்குப் போக நாற்பத்தாறு நொடி. அந்த நாற்பத்தாறு நொடியும் தம்பி இரண்டு கரண்டிகளால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பான். கீழேயிருந்து அக்கா ஸ்பானரால் குழாயைத் தட்டிப் பதில் சொல்வாள். பள்ளி விட்டு வரும் பெரியவள் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டிருக்கிறாள்.

ஒரு மத்தியானம் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்ய ஆசைப்பட்டு, தம்பி ஏற்றத்தின் வேகத்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைத்தான். வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. பதினாறு பேர் நாலு நிமிடம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேகத்தைத் தொட்டால் பதிவேட்டில் எழுத வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவன் எழுதவில்லை. அக்கா எழுதினாள். அன்று மாலையே அவன் வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து துணிகளை எடுத்துக்கொண்டு போனவன், பிறகு வரவில்லை.

*

தேர்வுக்கு ஐந்து பேரை மேலாளரே பொறுக்கியிருந்தார். டிக்கெட் கவுண்டர் அம்மா, தோட்டக்காரர், நீச்சல் குளக் காவலர், பாப்கார்ன் விற்பவர், கணக்குப் பிரிவு பெரியவர். இசை தெரிந்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரிசையில் நின்று ஏறப்போகிறவர்களுக்கு எது பிடிக்குமோ அதுதான் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் இங்கே வந்து நாலு வருடம்தான். குழுக்களின் பெயர்கள் அவருக்கும் பெரியவளுக்கும் மட்டும் தெரியும். தகரக்காரர் யாருக்குத் தம்பி என்பது அவருக்குத் தெரியாது. பெரியவளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளை சொல்லலாம் என்றே இரண்டு மாதம் போய்விட்டது.

ஒன்றாம் எண் மூன்று வயலின் சகோதரிகள். வண்டி ஏறியது. கண்ணாடி அறையிலிருந்து பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணினியில் ஏற்றம் தொடங்கும் நேரமும் உச்சியைத் தொடும் நேரமும் தானாகவே விழும். முப்பத்தெட்டு. இறங்கியவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். தோட்டக்காரர் மட்டும் கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றார்.

இரண்டாம் எண், கணினியிலேயே எல்லா வாத்தியமும் செய்கிற ஓர் இளைஞர். விளம்பரப் பிரிவின் செல்லப்பிள்ளை. முப்பத்தெட்டு. கணக்குப் பிரிவு பெரியவர் இறங்கிக் காதைக் குடைந்தபடி, தலைக்குள் யாரோ தளம் போடுகிறார்கள் என்றார்.

நடுவே ஐந்து நிமிடம் சோதனைக்காக வண்டி நின்றது. அம்மா மோட்டார் அறைக்குள் போய்விட்டுத் திரும்பியதைப் பெரியவள் பார்த்தாள். வழக்கமாகச் செய்வதுதான்.

மூன்றாம் எண்.

வண்டி நகர்ந்தது. முதலில் ஒரே ஒரு பாத்திர மூடி. பிறகு குழாய்.  உச்சி வந்துவிடும், இவர்கள் இன்னும் பாதி வழியில் இருப்பார்கள், வண்டி குப்புற விழும்போது பீப்பாய்கள் அசட்டுத்தனமாக ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க முடியாது என்று பெரியவள் மேசையையே பார்த்தாள்.

ஏதோ மாறியிருந்தது. வெளியே கொக்கி விழும் சத்தமும் காதில் தகரம் விழும் சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. புது மேடு பழைய அடித்தளத்தின்மேல் எழுந்தது. அதே உயரம். அவள் மறுபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், பதினைந்து வயதில், மடியில் பள்ளிப் பையோடு.

பீப்பாய்கள் நான்கும் சேர்ந்து ஏறின. உச்சியில் எல்லாம் ஒரேயடியாக நின்றது. ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. அந்த மூச்சில் வண்டியின் மூக்கு கீழே சாய்ந்தது.

வண்டி திரும்பி வந்து நின்றது. பாப்கார்ன் விற்பவர் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து சீட்டிலும் மூன்று என்று எழுதியிருந்தது. மேலாளர் அங்கேயே நின்று ஒப்பந்தக் கடிதத்தைச் சொல்லி எழுதவைக்கத் தொடங்கினார்.

பெரியவள் கணினியைப் பார்த்தாள். 46.1.

*

மோட்டார் அறை மேட்டுக்கு அடியில் இருந்தது. கிரீஸ் வாசனை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தாறு புள்ளி ஒண்ணு காட்டுதும்மா."

அம்மா திரும்பவில்லை. "அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு? நான் சரியா நாப்பத்தாறுலதான வச்சேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

வேகத்தைத் திரும்பவும் முப்பத்தெட்டுக்கு மாற்றிவிட்டாயா என்று கேட்டாள் மகள். மாற்றியாயிற்று. நாற்பத்தெட்டு நொடி ஆகும்வரை வேகத்தைக் குறைக்கலாம் என்று வண்டி செய்தவர்களின் புத்தகத்திலேயே இருக்கிறது, ஒருவர் உயிருக்கும் ஆபத்தில்லை என்றாள் அம்மா. அதை மகள் கேட்கவில்லை. அதுவும் அம்மாவுக்குத் தெரியும்.

"எழுதினியா?"

"இல்ல."

"ஏம்மா?"

"எழுதினா ரெண்டாவது கையெழுத்து வேணும். போடுறவன் காரணம் கேப்பான். என்ன சொல்லச் சொல்ற? என் தம்பி வாசிச்சுக்கிட்டே இந்த வாசல் வழியா வரணும்னா?"

பெரியவளின் கையில் தேர்வுப் படிவம் இருந்தது. மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் 'ஏற்ற நேரம்' என்று ஒரு கட்டம். இரண்டில் எழுதியிருந்தாள். மூன்றாவது காலி. அங்கே முப்பத்தெட்டு என்று எழுதினால் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. மேலே மேலாளர் கடிதத்தை முடித்திருப்பார். இன்னும் மூன்று வாரத்தில் மாமா இந்த மேடையில் நிற்பார்.

அவள் பேனாவைத் திறந்தாள். மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அம்மா இப்போது திரும்பினாள். "அன்னிக்கு அவனும் இங்கதான் நின்னான். எழுதாதன்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் எழுதி முடிச்சப்ப மூடியைக் காணோம். அவன்தான் மோட்டாருக்கு அடியில குனிஞ்சு தேடி எடுத்துக் குடுத்தான். குடுத்துட்டுத்தான் போனான்."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு வருஷமா யோசிக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எழுதாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? இன்னிக்கு விட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

மகளிடமிருந்து படிவத்தையும் பேனாவையும் வாங்கினாள். மூன்றாவது கட்டத்தில் நாற்பத்தாறு என்று எழுதினாள். பக்கத்தில், அனுமதியில்லாமல் வேகம் குறைக்கப்பட்டது, குறைத்தது நான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோணாத, நிதானமான கையெழுத்து. மகள் மூடியை நீட்டினாள்.

*

மேலாளர் படிவத்தை இரண்டு முறை படித்தார். கோபப்படக்கூடியவர்தான். கோபப்படவில்லை. தன்னிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று பெரியவள் தொடங்கி, மூன்றாம் எண்காரர் தனக்கு யார் என்று சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

ஏற்றத்தை நாற்பத்தாறிலேயே வைத்துவிட்டால் என்ன என்று அவரே ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். மணிக்கு நாலு வண்டி குறையும். வெயிலில் நிற்கிற வரிசையில் கூடுதலாக அரைமணி. முடியாது. அதோடு, இந்தப் படிவத்துக்குப் பிறகு அப்படிச் செய்தால், எல்லோருக்கும் ஒரே அளவு என்று மற்ற இரண்டு பேருக்கு எழுதிய கடிதத்துக்கு என்ன மரியாதை?

மத்தியானம் மூன்றையும் முப்பத்தெட்டில் மறுபடி ஓட்டினார்கள். பீப்பாய்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டி விழுந்தது. பேசிக்கொண்டிருக்கிறவர் வாயைப் பொத்தின மாதிரி இருக்கிறது, காலையில் கேட்டதுதானா இது என்று டிக்கெட் கவுண்டர் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். வயலின் சகோதரிகள் மூன்று சீட்டு வாங்கித் தேர்வானார்கள்.

விசாரணை முடியும்வரை அம்மா வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேலாளர். "சாவியை வச்சிட்டுப் போங்க அக்கா" என்றபோது அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. அம்மா வளையத்தை மேசையில் வைத்தாள். பிறகு அதை எடுத்து, துருப்பிடித்த சிறு சாவியை மட்டும் கழற்றிக்கொண்டாள். அது எதன் சாவி என்று அவர் கேட்கவில்லை.

தேர்வாகாதவர்களுக்குக் காரணத்தோடு தொலைபேசியில் சொல்ல வேண்டும். அது இன்னமும் பெரியவளின் வேலைதான். உறவுக்காரர் என்பதால் வேறு யாரையாவது சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டார் மேலாளர். வேண்டாம் என்றாள்.

*

நாலரை மணி. ஒலி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு எண்களை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

பூங்காவின் பெயரைச் சொன்னாள். தேர்வாகவில்லை என்றாள். ஏற்றம் முப்பத்தெட்டு, உங்கள் இசை நாற்பத்தாறு என்று படிவத்தில் இருந்ததைப் படித்தாள். 

"முப்பத்தெட்டுன்னு கடிதத்துல போட்டிருந்தோமே" என்றாள், அலுவலகக் குரலில்.

"பாத்தேன்" என்றது அந்தக் குரல். "ரெண்டு தடவ முப்பத்தெட்டுக்குப் போட்டும் பாத்தோம். கை போகல. அந்த மேட்டுக்கு என் கை அவ்வளவுதான் போகும்." பிறகு, "நீ குட்டிதான?" என்றது.

அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அலுவலகக் குரல் காணாமல் போயிற்று.

"மாமா, காலையில ஒரு தடவ நாப்பத்தாறுல ஓடுச்சு. அஞ்சு பேரும் உங்களைத்தான் எழுதினாங்க."

"யாரு வச்சது?"

"அம்மா."

"பதிவேட்ல?"

"முதல்ல எழுதல. அப்புறம் அவங்களே எழுதிட்டாங்க. சாவியை வாங்கிட்டாங்க மாமா."

அவர் எங்கோ ஒத்திகைக் கூடத்தில் நிற்கிறார் போலும், பின்னால் யாரோ குழாயை உருட்டினார்கள். அவர் அந்த ஆளிடம் நிறுத்தச் சொன்னார். 

"எழுதிட்டாளா" என்றார். கேள்வி இல்லை அது. "வீடு மாத்திட்டீங்களா?"

"இல்ல. அதே வீடுதான்."

"அந்த வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

*

பேருந்து நிறுத்தத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சாவி வளையம் இல்லாத இடுப்பில் ஒரு கையை வைத்திருந்தாள், சுளுக்கிக்கொண்டவள் போல.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

தம்பி என்ன சொன்னான் என்று அம்மா கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பேருந்து வந்து நின்று போயிற்று. கடைசியில் மகளே சொன்னாள். வீடு மாறிவிட்டதா என்று கேட்டார். சாவி தன்னிடம் இருக்கிறது என்றார்.

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் அவசரமாகத் துழாவித் தொலைபேசியை எடுத்தாள். அப்பா உடனே எடுத்துவிட்டார்.

"ஏங்க, அந்தப் பழைய பூட்டு எங்க?"

பூட்டா, எந்தப் பூட்டு, ஏன் இப்போது என்று அப்பா இழுப்பது வெளியேயும் கேட்டது. இரும்புக்காரர் வந்தார் என்றார். இறக்கை, வாணலி, அப்புறம் அது. இப்போதுதான் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்புகிறார் என்றார்.

"போய் வாங்குங்க" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "அதைத்தான் கதவுல மாட்டணும். இன்னிக்கே மாட்டணும்."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. தொலைபேசியை அணைக்கவும் மறந்துவிட்டார். அவருடைய செருப்பு தெருவில் பட் பட்டென்று அடித்துக்கொண்டு ஓடும் சத்தமும், மூச்சிரைக்க அவர் யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன.

அவர்களுடைய பேருந்து வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்தச் செருப்புச் சத்தம் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.